கருவின் மூளையில் கிளியல் செல்கள் உருவாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் மூளையில் ஒரே குருத்தணு முதலில் நியூரான்களைப் பெற்றுத் தருகிறது. ஒரு கட்டத்தில் அதை நிறுத்திக்கொண்டு கிளியல் செல்களைத் தர ஆரம்பிக்கிறது. இந்த மாற்றம் எப்போது, எப்படி, யார் சொல்லி நடக்கிறது என்பதே இந்தப் பக்கத்தின் விஷயம். பிளஸ் டூ உயிரியல் நினைவிருந்தால் போதும். புரதங்களின் பெயர்கள் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். அவற்றில் நாலைந்தைத் தவிர மற்றவற்றை மறந்தாலும் கதை புரியும்.

கிளியல் செல்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

மூளையிலும் தண்டுவடத்திலும் நியூரான்களுக்குப் பக்கத்தில் இருந்து அவற்றை இயங்க வைக்கும் செல்கள். ஆஸ்ட்ரோசைட்டுகள் தங்கள் மெல்லிய கிளைகளை, நியூரான்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளான சினாப்ஸ்களைச் சுற்றிப் பரப்பி, அங்கே மிஞ்சும் குளுட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் வேறு சில கிளைகள் ரத்தக் குழாய்களைத் தழுவியிருக்கும். ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறையைப் போர்த்துகின்றன. மூளைக்குள் இருக்கும் திரவ அறைகளின் உட்சுவரில், அசையும் நுண்ணிழைகளோடு எபென்டைமல் செல்கள் வரிசையாக நிற்கின்றன. மைக்ரோகிளியா மூளையின் சொந்த நோயெதிர்ப்புச் செல்.

இவற்றை வெறும் இடம் நிரப்பும் செல்கள் என்று நினைத்த காலம் உண்டு. 1997இல் பிஃப்ரீகர், பாரஸ் என்ற இருவர் எலியின் விழித்திரை நியூரான்களைத் தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தார்கள். நியூரான்கள் உயிரோடு இருந்தன, கிளைகளும் விட்டன. ஆனால் அவற்றுக்கிடையே சினாப்ஸ் வழியே நடக்கும் பேச்சு மிகக் குறைவாகவே இருந்தது. கிளியல் செல்களைச் சேர்த்ததும் அது பல மடங்கு கூடியது.

கிளியல் செல்கள் நியூரான்களைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று படித்தோமே?

பல பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது, இப்போதும் சிலவற்றில் இருக்கிறது. அது தவறு. பிரேசிலைச் சேர்ந்த சூசானா ஹெர்குலானோ ஹவுசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து, செல் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் திரவமாக்கி எண்ணும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2009இல் வெளியான கணக்குப்படி மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள். நியூரான் அல்லாத செல்கள் கிட்டத்தட்ட அதே அளவு, சுமார் 8,500 கோடி. இந்த இரண்டாவது கணக்கில் ரத்தக் குழாய்ச் செல்களும் அடக்கம். மூளையின் எல்லாப் பகுதியிலும் இந்தச் சமநிலை கிடையாது. சிறுமூளையில் நியூரான்கள் குவிந்து கிடக்கின்றன, பெருமூளைப் புறணியில் கிளியா பக்கம் தட்டு சாய்கிறது.

எல்லா கிளியல் செல்களும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றனவா?

இல்லை. மைக்ரோகிளியா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது ரத்த அணுக்களின் வழியில் வந்தது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே மஞ்சட்கருப் பையில் உருவாகும் முன்னோடிச் செல்கள் மூளைக்குள் குடியேறி மைக்ரோகிளியா ஆகின்றன. எலிகளில் செல்களுக்கு அடையாளம் இட்டு, அவற்றின் வாரிசுகளைத் தொடர்ந்து பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எனவே “நரம்புக் குருத்தணு எல்லா கிளியல் செல்களையும் தருகிறது” என்று யாராவது எழுதியிருந்தால் மைக்ரோகிளியாவைக் கழித்துவிட்டுப் படியுங்கள். இனி இங்கே கிளியா என்று வரும்போது ஆஸ்ட்ரோசைட், ஒலிகோடெண்ட்ரோசைட், எபென்டைமல் ஆகியவற்றை மட்டும் குறிக்கும்.

சரி, அந்தக் குருத்தணு எது? எங்கே இருக்கிறது?

கருவில் நரம்புக் குழாய் மூடியதும் அதன் சுவர் முழுவதும் நியூரோஎபிதீலியல் செல்கள். முதல் நாட்களில் இவை தங்களையே இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொள்கின்றன. அப்புறம் ரேடியல் கிளியா என்ற வடிவத்துக்கு மாறுகின்றன. இந்தச் செல்லின் உடல் மூளை அறையின் ஓரத்தில் இருக்கும். அதிலிருந்து புறப்படும் நீளமான இழை ஒன்று சுவரைக் கடந்து மூளையின் வெளிப்பரப்பைத் தொடும்.

1970களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராகிச் குரங்குக் கருக்களின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, புதிதாகப் பிறந்த நியூரான்கள் இந்த நீண்ட இழைகளைப் பற்றிக்கொண்டே மேலே போகின்றன என்று காட்டினார். அதனால் வெகுகாலம் இந்தச் செல்லுக்கு வழித்துணை வேலை மட்டுமே என்று கருதினார்கள். நியூரான்களைப் பெறுவது வேறு ஏதோ செல் என்ற எண்ணம் நிலவியது. 2000, 2001 ஆண்டுகளில் அது தலைகீழானது. மக்தலேனா கோட்ஸ் குழுவும் ஆர்னால்ட் கிரீக்ஸ்டைன் குழுவும் இன்னும் சிலரும், ரேடியல் கிளியாவே பிரிந்து நியூரான்களைத் தருவதைக் காட்டினார்கள். கிரீக்ஸ்டைன் குழு உயிருள்ள மூளைச் சீவல்களில் ஒளிரும் செல்லைத் தொடர்ந்து படமெடுத்தது. தாய்ச் செல் சமமற்ற முறையில் பிரிகிறது. ஒரு மகள் தாயாகவே தங்கிவிடுகிறாள். இன்னொரு மகள் நியூரானாகி, அந்தத் தாயின் இழையைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறாள்.

ஆக, பெயரில் கிளியா இருந்தாலும் இது நரம்புக் குருத்தணு. நியூரானுக்கும் கிளியாவுக்கும் பொதுவான தாய்.

ஏன் முதலில் நியூரான், பிறகு கிளியா? மாறி நடந்தால் என்ன?

எலியின் புறணியில் நியூரான் உற்பத்தி கருவின் 11ஆம் நாள் வாக்கில் தொடங்கி 17ஆம் நாள் வரை நடக்கிறது. அதை ஒட்டி ஆஸ்ட்ரோசைட் உற்பத்தி ஆரம்பிக்கிறது. குட்டி பிறப்பது 19ஆம் நாள் வாக்கில் என்பதால், கிளியா பெருகும் காலத்தின் பெரும்பகுதி பிறப்புக்குப் பின்னால் விழுகிறது. மனிதரில் இதே வரிசை மாதக் கணக்கில் நீள்கிறது. புறணி நியூரான்கள் கர்ப்பத்தின் இரண்டாம் மாத இறுதி வாக்கில் வரத் தொடங்குகின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகள் பெரிய அளவில் தலைகாட்டுவது கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில். மயலின் போர்த்தும் வேலை பிறந்த பிறகும் தொடர்ந்து, நெற்றிப் பக்கத்துப் புறணியில் இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது.

வரிசைக்கு ஒரு நடைமுறைக் காரணம் வெளிப்படை. சினாப்ஸைப் பராமரிக்க முதலில் சினாப்ஸ் வேண்டும், உறை போர்த்த முதலில் நரம்பிழை வேண்டும். ஆனால் “தேவை இருக்கிறது, அதனால் நடக்கிறது” என்பது விளக்கம் ஆகாது. செல்லுக்கு அந்தத் தேவை எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி.

செல்லுக்கு நேரம் எப்படித் தெரிகிறது? உள்ளே இருந்தா, வெளியே இருந்தா?

இரண்டு பக்கத்துக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

உள்ளே என்பதற்கு: சாலி டெம்பிள் குழுவினர் 2000இல் எலிக் கருவின் புறணியில் இருந்து குருத்தணுக்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் வீட்டுச் சூழலில் இருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சுற்றிலும் மூளை இல்லை, ரத்தம் இல்லை, வழிகாட்ட யாரும் இல்லை. அப்படியும் அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகளில் முதலில் நியூரான்கள் வந்தன, பிறகுதான் கிளியா. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கால அட்டவணையின் ஒரு நகல் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறு சோதனையை நான் படித்ததில்லை.

வெளியே என்பதற்கு: மறு ஆண்டே வேறொரு குழு, கருவில் இருந்து எடுத்த ஒரே வயதுச் செல்களை இரண்டு விதமான மூளைச் சீவல்கள்மேல் வைத்தது. கருவின் புறணிச் சீவலில் வைத்தவை பெரும்பாலும் நியூரான் ஆயின. பிறந்த குட்டியின் சீவலில் வைத்தவை ஆஸ்ட்ரோசைட் பக்கம் போயின. அதாவது சுற்றுப்புறமும் பேசுகிறது.

அப்படிப் பேசுவது யார் என்று தேடினால், பெரும்பாலும் ஏற்கெனவே பிறந்துவிட்ட நியூரான்கள்தாம். இளம் நியூரான்கள் கார்டியோட்ரோஃபின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது குருத்தணுவை ஆஸ்ட்ரோசைட் பக்கம் தள்ளுகிறது. இந்தப் புரதம் இல்லாத எலிகளின் புறணியில் ஆஸ்ட்ரோசைட் உருவாவது குறைகிறது. 2005இல் வந்த இந்த முடிவு வெளி-உள் சண்டையைப் பாதி தீர்த்துவிட்டது என்பது என் எண்ணம். டெம்பிளின் தட்டிலும் முதல் வாரிசுகள் நியூரான்கள்தானே? தனித்து விடப்பட்ட செல் தன் சூழலைத் தானே பெற்றுக்கொள்கிறது.

முதல் கட்டத்தில் கிளியா ஜீன்கள் ஏன் விழிப்பதில்லை?

இதுதான் கதையின் நடுப்பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்ட்ரோசைட்டுக்குரிய ஜீன்களை எழுப்பும் முக்கியப் பாதை ஜாக்-ஸ்டாட். வெளியே இருந்து கார்டியோட்ரோஃபின் போன்ற சேதி வந்து செல்லின் சவ்வில் பட்டால், உள்ளே ஸ்டாட்3 என்ற புரதம் செயலுக்கு வந்து உட்கருவுக்குப் போய் ஜிஎஃப்ஏபி போன்ற ஜீன்களை இயக்குகிறது. ஜிஎஃப்ஏபி ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளப் புரதம். இளம் குருத்தணுவில் இந்தப் பாதைக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதல் தடை டிஎன்ஏ மேலேயே இருக்கிறது. ஜிஎஃப்ஏபி ஜீனுக்கு முன்னால் ஸ்டாட்3 வந்து உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதி ஒட்டியிருக்கிறது. அது இருக்கும்வரை ஸ்டாட்3 அங்கே ஒட்ட முடியாது. ஜப்பானில் தாகா குழுவினர் 2001இல் இதைக் கண்டார்கள். கருவின் 11ஆம் நாள் வாக்கில் இருக்கும் இந்த அடைப்பு, நாள் போகப் போக அகன்றுவிடுகிறது. மீத்தைல் தொகுதியைப் பராமரிக்கும் டிஎன்எம்டி1 என்சைமைக் குருத்தணுக்களில் நீக்கினால் ஆஸ்ட்ரோசைட்டுகள் உரிய காலத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன.

இரண்டாம் தடை நியூரோஜெனின்-1. இது குருத்தணுவை நியூரானாக்கும் தலைமைப் புரதம். அதோடு நிற்காமல் கிளியாவுக்கு வேண்டிய ஆளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஸ்டாட்3 ஒரு ஜீனை நன்றாக இயக்க வேண்டுமானால் பி300, சிபிபி என்ற துணைப் புரதங்கள் வேண்டும். நியூரோஜெனினுக்கும் அவையே வேண்டும். ஊரில் இருக்கும் ஒரே அறுவடை இயந்திரம் பெரிய பண்ணைக்காரர் வயலில் இறங்கிவிட்டால், பக்கத்து வயலில் கதிர் முற்றி நின்றாலும் அறுப்பு நடக்காது அல்லவா, அதே நிலைமைதான். நியூரோஜெனின் செல்லில் நிறைய இருக்கும்வரை ஸ்டாட்3க்குத் துணை கிடைப்பதில்லை. மைக்கேல் கிரீன்பர்க் ஆய்வகத்தின் 2001ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு இது.

இதில் ஒரு விசித்திரம். பிஎம்பி என்ற சேதிப் புரதம் நியூரோஜெனின் இருக்கும் காலத்தில் நியூரானை ஊக்குவிக்கிறது. நியூரோஜெனின் குறைந்த பிறகு அதே பிஎம்பி ஸ்டாட்3யோடு சேர்ந்து ஆஸ்ட்ரோசைட்டை ஊக்குவிக்கிறது. சேதி மாறவில்லை, கேட்கும் செல்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் தடைகள் எப்படி விலகுகின்றன?

நியூரோஜெனின் கதவை மூடுவது பாலிகோம்ப் குழுப் புரதங்கள். இவை டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்களில் அடையாளம் பதித்து ஜீன்களை அடக்கி வைக்கும். நாள் ஆக ஆக நியூரோஜெனின்-1 ஜீன்மேல் இந்த அடக்குமுறை கூடுகிறது. யுகிகோ கோட்டோ ஆய்வகம் 2009இல் இந்தப் புரதங்களை நியூரான் கட்டத்தில் நீக்கிப் பார்த்தது. நியூரான் உற்பத்தி நீண்டது, ஆஸ்ட்ரோசைட் தாமதமானது. மறு ஆண்டு வேறொரு குழு, பாலிகோம்ப் குழுவைச் சேர்ந்த இஸட்ஹெச்2 புரதத்தை நியூரான் கட்டம் தொடங்கும் முன்பே நீக்கியது. அங்கே எல்லாமே முன்கூட்டி நடந்தது, கிளியா உட்பட. இரண்டும் முரணாகத் தோன்றும். ஆனால் பாலிகோம்ப் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு ஜீன்களை அடக்குகிறது. எப்போது எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்தே விளைவு.

மீத்தைல் அடைப்பை எடுப்பதில் நாட்ச் பாதைக்குப் பங்கு உண்டு. பிறந்த நியூரான்கள் தங்கள் மேற்பரப்பில் நாட்ச்சைத் தூண்டும் புரதங்களை ஏந்தி, பக்கத்துக் குருத்தணுக்களைத் தொடுகின்றன. குருத்தணுவுக்குள் நாட்ச் விழித்து என்எஃப்ஐஏ என்ற புரதத்தை உண்டாக்குகிறது. அது ஜிஎஃப்ஏபி ஜீனில் இருந்து டிஎன்எம்டி1ஐ விலக்கிவிடுகிறது. பராமரிப்பார் இல்லாததால் செல் பிரியப் பிரிய மீத்தைல் தொகுதி மறைகிறது. தண்டுவடத்தில் என்எஃப்ஐஏவோடு சாக்ஸ்9 புரதமும் இந்த மாற்றத்துக்குத் தேவை.

இங்கேயும் பாருங்கள், பிள்ளைகள்தாம் தாய்க்குச் சொல்கிறார்கள். ஒரு சேதியைச் சுரந்து அனுப்புகிறார்கள், இன்னொன்றைத் தொட்டுச் சொல்கிறார்கள். கிளியா உற்பத்தியை ஏதோ ஒரு “கிளியா ஜீன்” தொடங்கி வைக்கிறது என்று பல சுருக்கக் கட்டுரைகள் எழுதுகின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. நியூரான் வாய்ப்பை மூடுவதும் கிளியா வாய்ப்பைத் திறப்பதும் இரண்டு வேலைகள். இரண்டும் தனித்தனியே நடக்கின்றன, ஒன்றை மட்டும் செய்தால் மாற்றம் முழுமையாவதில்லை.

ஒலிகோடெண்ட்ரோசைட்டுக்கும் இதே வழிதானா?

வரிசை ஒன்று, வழி வேறு. தண்டுவடத்தில் பார்ப்பது எளிது. அதன் கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு பட்டையில் உள்ள குருத்தணுக்கள் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சேதியைக் கேட்டு ஓலிக்2 புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் பட்டை முதலில் தசைகளை இயக்கும் மோட்டார் நியூரான்களைத் தருகிறது, பிறகு ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடிகளைத் தருகிறது. ஓலிக்2 இல்லாத எலியின் தண்டுவடத்தில் இரண்டுமே உருவாவதில்லை.

முன்மூளையில் இந்த முன்னோடிகள் மூன்று அலைகளாக வருகின்றன. வில்லியம் ரிச்சர்ட்சன் ஆய்வகம் 2006இல் எலிகளில் காட்டியபடி, முதல் அலை கருவின் 12ஆம் நாள் வாக்கில் மூளையின் அடிப்பகுதியில் கிளம்பிப் புறணி வரை பரவுகிறது. இரண்டாவது சில நாள் கழித்துப் பக்கத்துப் பகுதியில் இருந்து. மூன்றாவது பிறந்த பிறகு புறணியில் இருந்தே. முதல் அலையில் வந்தவை பின்னர் புறணியில் இருந்து ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகின்றன! சோதனைக்காக ஏதாவது ஓர் அலையை அழித்தால் மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன.

இவற்றில் ஒரு பங்கு வாழ்நாள் முழுவதும் முன்னோடியாகவே மூளையில் தங்குகிறது. மயலின் சிதையும்போது புதிய ஒலிகோடெண்ட்ரோசைட்டுகளைத் தருவது பெரும்பாலும் இவைதாம்.

எல்லாக் குருத்தணுக்களும் கடைசியில் கிளியா தருமா?

இல்லை. எலிப் புறணியில் தனித்தனிக் குருத்தணுக்களின் வாரிசுகளை எண்ணிய 2014ஆம் ஆண்டு ஆய்வில், நியூரான் கட்டத்தில் ஒரு ரேடியல் கிளியா சராசரியாக எட்டு ஒன்பது நியூரான்களைத் தருவதாகத் தெரிந்தது. அவற்றில் ஆறில் ஒன்று அளவுக்கு மட்டும் பிறகு கிளியாவும் தந்தது.

அப்படியானால் இவ்வளவு கிளியா எங்கிருந்து? எலிப் புறணியில் பிறந்த முதல் மூன்று வாரங்களில் கிளியல் செல்களின் எண்ணிக்கை ஆறு முதல் எட்டு மடங்கு கூடுகிறது. குருத்தணுவில் இருந்து வருவது விதை அளவுக்குத்தான். குடிபோன ஆஸ்ட்ரோசைட்டுகள் அந்தந்த இடத்திலேயே பிரிந்து பெருகுகின்றன என்பதை 2012இல் காட்டினார்கள். நியூரான் இப்படிச் செய்யாது. அது பிறந்த பிறகு பிரிவதே இல்லை.

வேலை முடிந்த ரேடியல் கிளியாவில் பல, மூளை அறையோடு இருந்த பிடியை விட்டு, இழையைச் சுருக்கி, தாமே ஆஸ்ட்ரோசைட்டாக மாறிவிடுகின்றன. சில எபென்டைமல் செல்களாகின்றன. இன்னும் சில கருவின் நடுக்காலத்திலேயே பிரிவதைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி, வளர்ந்த எலியின் மூளை அறை ஓரத்தில் குருத்தணுக்களாக நீடிக்கின்றன. பார்வைக்கு அவை ஆஸ்ட்ரோசைட் மாதிரியே இருக்கும், ஜிஎஃப்ஏபியும் இருக்கும்.

எல்லா ஆஸ்ட்ரோசைட்டும் ஒன்றுதானா?

தண்டுவடத்தில் குறைந்தது மூன்று வகையான வெண்பகுதி ஆஸ்ட்ரோசைட்டுகளை, அவை பிறந்த பட்டையை வைத்தே பிரிக்க முடிகிறது. பிறந்த இடத்தை விட்டு அவை அதிகம் நகர்வதும் இல்லை. நியூரான்களில் உள்ள வகைப் பெருக்கம் இங்கே இருக்கிறதா என்றால், இதுவரை தெரிந்த வரை அந்த அளவுக்கு இல்லை.

மனித மூளையில் என்ன வித்தியாசம்?

மூளை அறை ஓரத்தில் மட்டுமல்லாமல், அதற்கு வெளியே இன்னொரு தடித்த அடுக்கிலும் ஏராளமான குருத்தணுக்கள் இருக்கின்றன. வெளி ரேடியல் கிளியா என்ற இவை 2010இல் விரிவாக விவரிக்கப்பட்டன. எலியில் இவை மிகக் குறைவு. மனிதரில் இவை நியூரான்களோடு, பிற்காலத்தில் ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடிகளையும் ஆஸ்ட்ரோசைட்டுகளையும் தருகின்றன. நம் புறணி மடிப்பு மடிப்பாகப் பெரிதானதற்கு இவை முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள்.

ஆஸ்ட்ரோசைட்டின் அளவும் வேறு. மனிதப் புறணி ஆஸ்ட்ரோசைட் எலியினுடையதைவிடக் குறுக்களவில் இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரே ஆஸ்ட்ரோசைட்டின் எல்லைக்குள் இருபது லட்சம் சினாப்ஸ்கள் வரை அடங்கலாம் என்பது மதிப்பீடு.

குறைமாதக் குழந்தைகளுக்கு இதனால் பாதிப்பு உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்தில் மருத்துவத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. கர்ப்பத்தின் 23 முதல் 32 வாரம் வரை மூளையின் வெண்பகுதியில் இருப்பவை பெரும்பாலும் முழுதாக முதிராத ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடிகள். ஆக்சிஜன் குறைவையும் தொற்றினால் வரும் அழற்சியையும் தாங்கும் சக்தி அவற்றுக்குக் குறைவு. சில இறக்கின்றன. அவற்றின் இடத்தில் புதியவை பெருகினாலும், அவை முதிர்ச்சி அடையாமல் நின்றுவிடுவதால் மயலின் போதுமான அளவு போர்த்தப்படுவதில்லை. பின்னாளில் கைகால் இறுக்கம், நடைச் சிக்கல் போன்றவற்றுக்கு இது ஒரு காரணம்.

அதே வாரங்களில் மூளை அறை ஓரத்துக் குருத்தணுப் பகுதி ரத்தக் குழாய்கள் நிறைந்து, அவை மிக மெல்லியதாக இருக்கும். அதனால்தான் குறைமாதக் குழந்தைக்கு உச்சிக்குழி வழியே அல்ட்ராசவுண்ட் செய்து ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிரசவம் முன்கூட்டியே நடக்கப் போகிறது என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசியும், மக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுப்பதன் நோக்கங்களில் குழந்தையின் மூளையைக் காப்பதும் ஒன்று.

கர்ப்பிணி என்ன சாப்பிட்டால் கிளியல் செல்கள் நன்றாக வளரும்?

குங்குமப்பூவுக்கு இதில் பங்கு இல்லை. “மூளை வளர்ச்சிக்கு” என்று விற்கும் டப்பாக்களை நம்பிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். சாதாரணமான இரண்டு விஷயங்கள் உண்மையிலேயே தொடர்புடையவை. ஒன்று அயோடின். ஒலிகோடெண்ட்ரோசைட் முன்னோடி முதிர்வதற்குத் தைராய்டு ஹார்மோன் முக்கியமான தூண்டுதல், அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும். பிறவியிலேயே தைராய்டு குறைவான குழந்தைக்கு மயலின் தாமதமாகிறது. பிறந்ததும் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் தைராய்டு பரிசோதனை இருப்பது இதனால்தான். இன்னொன்று இரும்புச்சத்து. ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் மயலின் செய்ய நிறைய இரும்பைச் செலவழிக்கின்றன. அயோடின் உப்பு, கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்பு-ஃபோலிக் மாத்திரை. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நியூரான்-கிளியா மாற்றம் தவறினால் என்ன ஆகும்?

நூனன் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு ஒரு நல்ல உதாரணம். எஸ்ஹெச்பி2 என்ற புரதம் சாதாரணமாக நியூரான் பக்கத்தை ஆதரித்து ஆஸ்ட்ரோசைட் பக்கத்தை அடக்குகிறது. நூனனில் காணும் திடீர்மாற்றம் அந்தப் புரதத்தை அளவுக்கு மீறி இயக்குகிறது. அதே மாற்றத்தைப் புகுத்திய எலிகளில் நியூரான் கூடி ஆஸ்ட்ரோசைட் குறைந்தது. வேறொரு சோதனையில் மெக் என்ற புரதங்களை ரேடியல் கிளியாவில் நீக்கியபோது கிளியாவே சரியாக உருவாகவில்லை. நியூரான்கள் வந்தன, ஆனால் பிறந்த பிறகு அவற்றில் பல நிலைக்கவில்லை.

அலெக்ஸாண்டர் நோய் வேறு ரகம். அங்கே மாற்றம் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் ஜிஎஃப்ஏபி ஜீனே பழுதாக இருப்பதால் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் அந்தப் புரதம் கட்டிக்கட்டியாகச் சேர்கிறது.

ஆஸ்ட்ரோசைட்டைத் திருப்பி நியூரானாக்கலாம் என்கிறார்களே?

இந்தச் செய்திகளைக் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள். ஒரு வைரஸ் வழியே நியூரோடி1 என்ற புரதத்தை ஆஸ்ட்ரோசைட்டுக்குள் செலுத்தினால் அது நியூரானாகிவிடுகிறது என்று பல ஆய்வுகள் வந்தன. பிடிபி1 என்ற புரதத்தைக் குறைத்தாலே போதும் என்று 2020இல் பெரிய பரபரப்பு. 2021இல் வேறொரு குழு ஆஸ்ட்ரோசைட்டுகளுக்கு முன்கூட்டியே நிரந்தர அடையாளம் இட்டுப் பார்த்தது. “புதிய நியூரான்கள்” எதிலும் அந்த அடையாளம் இல்லை! வைரஸ் கசிந்து ஏற்கெனவே இருந்த நியூரான்களை ஒளிர வைத்திருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

விழித்திரையில் நிலைமை மேல். வரிக்குதிரை மீனின் முல்லர் கிளியா (விழித்திரையில் இருக்கும் கிளியல் செல்) காயத்துக்குப் பிறகு தானாகவே புது நியூரான்களைத் தருகிறது. எலியிலும் தகுந்த ஜீனைக் கொடுத்து, ஹிஸ்டோன்களை இளக்கும் மருந்தையும் சேர்த்தால் ஓரளவு நடக்கிறது.

இந்தியாவில் இதில் ஆராய்ச்சி நடக்கிறதா?

நடக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபா டோலே ஆய்வகம் 2011இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் நன்றாகப் பேசப்படுவது. எல்எச்எக்ஸ்2 என்ற புரதத்தை எலிக் கருவின் ஹிப்போகாம்பஸில் (நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதி) நீக்கினால், நியூரான் வர வேண்டிய நாளிலேயே ஆஸ்ட்ரோசைட் வந்துவிடுகிறது. கூடுதலாகக் கொடுத்தால் நியூரான் காலம் நீள்கிறது, நாட்ச்சும் என்எஃப்ஐஏவும் தள்ளினாலும் ஆஸ்ட்ரோசைட் அடங்கியே இருக்கிறது. இதில் ரசமான இடம், பக்கத்திலேயே இருக்கும் புறணியில் அதே புரதத்தை நீக்கினால் இப்படி நடப்பதில்லை என்பது. ஒரே மாற்றத்துக்கு ஒவ்வொரு பகுதியும் தன் சொந்த பிரேக்கை வைத்திருக்கிறது.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் மனிதக் கரு மூளையின் செல் அளவிலான வரைபடத்தை வெளியிட்டது. இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைச் சீவல்களை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மூளை அறை ஓரத்தில் செல்கள் நெருக்கி அடர்ந்திருக்கும் பட்டையைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே சொன்ன குருத்தணுக்கள் வசிப்பது அங்கேதான்.

மனிதச் செல்லில் இதையெல்லாம் ஆய்வகத்திலேயே பார்க்க முடியாதா?

முடிகிறது, ஆனால் காத்திருக்க வேண்டும். தோல் செல்லைக் குருத்தணுவாக்கி, அதிலிருந்து புறணி போன்ற சிறு உருண்டைகளை வளர்க்கிறார்கள். செர்ஜியு பாஸ்கா குழு 2017இல் அப்படிப்பட்ட உருண்டைகளை இருபது மாதம் வரை வளர்த்தது. முதல் வாரங்களில் நியூரான்களே ஆதிக்கம். ஆஸ்ட்ரோசைட்டுகள் மாதக்கணக்கில் கழித்துப் பெருகி, முதலில் கருவின் ஆஸ்ட்ரோசைட் போலவும், ஒன்பது பத்து மாதம் தாண்டிய பிறகே பிறந்த குழந்தையினுடையது போலவும் ஆயின. கண்ணாடித் தட்டில் இருந்தாலும் மனிதச் செல் மனிதக் கர்ப்பத்தின் நாட்காட்டியையே பின்பற்றுகிறது. சீக்கிரம் முடிக்க விரும்பும் ஆய்வகங்கள் என்எஃப்ஐஏ, சாக்ஸ்9 இரண்டையும் நேரடியாகக் குருத்தணுவில் செலுத்தி, சில வாரங்களிலேயே ஆஸ்ட்ரோசைட் எடுத்துவிடுகின்றன.